தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவார்கள். வெல்லம் கரைந்து, நுரைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வருகிற பதம். அந்த நேரம் பார்த்து வாசலில் யாராவது மணி அடித்தால் போதும். பாகு பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, கீழே இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பின் கறுப்புக் கண்ணாடியில் வழிந்துவிடும். மாவு கிளறும் அவசரத்தில் அதை யார் கவனிப்பார்கள்? ஆறட்டும், அப்புறம் துடைக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை, கல்லாக இறுகிப்போன பாகைக் கரண்டிக் காம்பால் நெம்பும்போது அது பட்டென்று பெயரும். பெயர்ந்த பாகின் அடியில் மெல்லிய கண்ணாடிச் சில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அடுப்பின் முகத்தில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

அந்தப் பள்ளம் இனி ஆறாது. மெருகு போட்டாலும் போகாது. தட்டையே மாற்றினால்தான் உண்டு. இத்தனைக்கும் அது சூட்டுக்கு அஞ்சாத தட்டு. நல்ல தரமான தட்டாக இருந்தால், கொதிக்கக் கொதிக்கக் காய்ந்திருக்கும்போது அதன்மேல் பச்சைத் தண்ணீர் சிந்தினாலும் விரிசல் விடாது. அப்படிப்பட்ட தட்டு ஒரு கரண்டி வெல்லப்பாகிடம் தோற்றுப்போகிறது. இது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற கணக்கு தெரியாமல்தான் பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிய ஒரே வருஷத்தில் மங்கிப்போகிறது.

அந்தத் தட்டைக் கண்ணாடி என்று பழக்கத்தால் சொல்கிறோம். கண்ணாடியாக வார்க்கப்பட்டு, பிறகு பெரும்பகுதி படிகமாக மாற்றப்பட்ட பொருள் அது. ‘கண்ணாடிப் பீங்கான்’ என்றால் பொருந்தும். அது மனிதர் கைக்குக் கிடைத்ததே ஓர் உலை கெட்டுப்போனதால்தான். 1953-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கார்னிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர், ஒளி பட்டால் மாறும் ஒருவகைக் கண்ணாடித் துண்டை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்குவதற்காக உலையில் வைத்தார். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, உலை 900 டிகிரிக்குப் போய்விட்டது. கண்ணாடி உருகி உலையே பாழாகியிருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். துண்டு உருகவில்லை, வெள்ளை வெளேரென்று வடிவம் மாறாமல் இருந்தது. இடுக்கியால் வெளியே எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. அப்போதும் உடையவில்லை; உலோகத் தட்டு விழுந்தது போல ஓசை எழுப்பிக் குதித்தது. அளவு மீறிய சூட்டில் கண்ணாடிக்குள் எண்ணற்ற நுண்படிகங்கள் முளைத்திருந்தன. எங்காவது ஒரு விரிசல் கிளம்பினால் அது ஓடவிடாமல் அந்தப் படிகங்கள் குறுக்கே நின்றன. 1958-ல் ‘கார்னிங்வேர்’ பாத்திரங்களாக அந்தப் பொருள் கடைக்கு வந்தது.

அடுப்புத் தட்டாக அதை வளர்த்தெடுத்தது ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஷாட் நிறுவனம். அந்நிறுவனம் 1968-ல் வானியல் தொலைநோக்கிகளின் ஆடிகளுக்காக ‘ஸெரோடூர்’ என்ற கண்ணாடிப் பீங்கானை உருவாக்கியது. குளிர் இறங்கினாலும் சூடு ஏறினாலும் சுருங்காமல் விரியாமல் இருக்கும் ஆடி வானியலாளர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்தில் வந்த அடுத்த பிள்ளை 1971-ல் வெளியான ‘செரான்’ அடுப்புத் தட்டு. ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியில் இருக்கும் இரண்டு கெக் தொலைநோக்கிகளில் ஒவ்வொன்றின் ஆடியும் 36 ஸெரோடூர் துண்டுகளால் ஆனது. சிலி நாட்டில் கட்டப்பட்டு வரும் 39 மீட்டர் தொலைநோக்கியின் முதன்மை ஆடியில் அப்படி 798 துண்டுகள். நம் வீட்டு மேடையில் ரசம் கொதிக்கும் தட்டும் அந்த ஆடிகளும் பங்காளிகள்.

சூட்டில் விரியாமல் இருப்பது எப்படி? லித்தியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைச் சேர்த்து உருக்கிய கண்ணாடியை வார்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றும்போது அதற்குள் குவார்ட்ஸ் வகைப் படிகங்கள் வளர்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 50 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இந்தப் படிகங்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சூடேறினால் இவை சுருங்கும். சுற்றியிருக்கும் கண்ணாடிப் பகுதி விரியும். ஒன்றின் விரிவை மற்றொன்றின் சுருக்கம் சரிக்கட்டிவிட, மொத்தத் தட்டு அசையாமல் இருக்கிறது. ஜன்னலில் போடுகிற சாதாரணக் கண்ணாடியில் ஒரு மீட்டர் நீளக் கம்பி செய்து 100 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். ஆய்வுக்கூடக் குடுவைகளின் போரோசிலிகேட் கண்ணாடி 0.33 மில்லிமீட்டர் நீளும். அடுப்புத் தட்டோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட அசையாது.

சர்க்கரை இங்கேதான் எதிரியாகிறது. பாகு சூடாக இருக்கும்போது தட்டின் முகத்தை நனைத்து, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. பாத்திரத்தின் அடியில் சிக்கியது தண்ணீரெல்லாம் வற்றி, கருகி, ஆறும்போது இறுகுகிறது. அப்படி இறுகிய சர்க்கரையும் ஒரு கண்ணாடிதான். படிகமாகாமல் உறைந்த பொருள் எல்லாமே விஞ்ஞானியின் அகராதியில் கண்ணாடி. பழைய சினிமாக்களில் கதாநாயகன் தலையில் உடைபடும் பாட்டில்களைச் சர்க்கரையில் வார்த்ததும் அதனால்தான். இந்தச் சர்க்கரைக் கண்ணாடி ஆற ஆறச் சுருங்குகிறது. அடியில் இருக்கும் தட்டு சுருங்க மறுக்கிறது. ஒட்டும் விடவில்லை, தட்டும் அசையவில்லை. இழுவிசை ஏறிக்கொண்டே போய், கடைசியில் தட்டின் மேல்தோலே சிப்பி சிப்பியாகப் பிய்ந்து வருகிறது.

மேற்கு நாடுகளில் ஒரு பழைய கைத்தொழில் இதே விசையை நம்பி நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் அலங்காரக் கண்ணாடி செய்தவர்கள், கண்ணாடியின் முகத்தை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசையைச் சூடாகப் பூசிக் காயவைப்பார்கள். பசை காய்ந்து சுருங்கும்போது கண்ணாடிச் செதில்களைப் பிய்த்துக்கொண்டு சுருண்டு எழும். மிஞ்சுகிற கண்ணாடியில் பனிப்பூப் போல, பெரணி இலை போலக் கோலம் விழுந்திருக்கும். அங்கே அது கலை. நம் அடுப்பில் அதே வேலையை அதிரசப் பாகும் பால்பாயசமும் ஜாமும் செய்யும்போது அது சேதம்.

ஆகவே சர்க்கரைக்கு மட்டும் விதி தலைகீழ். மற்றக் கறைகளை ஆறவிட்டுத் துடைக்கலாம். இனிப்பு வழிந்தால் ஆறவிடக் கூடாது. அடுப்பை நிறுத்தி, பாத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பாகு இளகி இருக்கும்போதே கண்ணாடிக்கான சுரண்டியால் சூடில்லாத ஓரத்துக்குத் தள்ளி எடுத்துவிட வேண்டும். கைக்கு உறையோ தடித்த துணியோ அவசியம். வெல்லப்பாகு தோலில் ஒட்டினால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். அந்த நேரத்தில் முடியாமல் போய் இறுகிவிட்டதா? நெம்பக் கூடாது. வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தால் சர்க்கரை கரைந்துவிடும். சர்க்கரைக்குத் தண்ணீரைப் போல நல்ல மருந்து வேறில்லை. அரை மணி நேரப் பொறுமைதான் அதன் விலை.

இண்டக்‌ஷன் அடுப்பின் தட்டு தானாகச் சூடாவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடியில் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் விநாடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறி ஓடுகிறது. அது எழுப்பும் காந்தப்புலம் கண்ணாடியை ஊடுருவிப் போய், இரும்புள்ள பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம்தான். பாத்திரம் சூடாகிறது, பாத்திரத்திடமிருந்து தட்டு சூட்டைக் கடன் வாங்குகிறது. சாதம் வடிக்கும்போது தட்டின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால், வழிந்த கஞ்சி காய்ந்துபோகுமே தவிர கரியாகாது. தாளிக்கும்போது கதை வேறு. எண்ணெய் 200 டிகிரியைத் தொடும். வெறும் வாணலியை மறந்து வைத்துவிட்டால் இன்னும் மேலே போகும். கறையின் பிடிவாதம் பாத்திரத்தில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.

பாத்திரத்தின் அடிப்பாகம் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீர் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே கொதித்து ஆவியாகி, தன்னிடம் இருந்த உப்பையெல்லாம் வட்டமாக விட்டுப் போகும். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் முன் அடியை ஒரு துணியால் துடைத்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

இனி, துலக்குகிற பழக்கத்துக்கு வருவோம். நம் சமையலறைகளின் துப்புரவு மரபு மிகப் பழையது, அறிவார்ந்தது. விறகடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் உண்டு; அது எண்ணெயோடு சேர்ந்து அங்கேயே கொஞ்சம் சோப்பாகிவிடும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளை, செம்புப் பாத்திரங்களின் களிம்பைக் கரைக்கும். தேங்காய் நார் பிடித்துத் தேய்க்க வாகாக இருக்கும். செங்கல் பொடியும் ஆற்று மணலும் அடிப்பிடித்த கரியைச் சுரண்டி எடுக்கும். இவற்றைக் கண்டுபிடித்த பாட்டிமார்களுக்கு வேதியியல் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த மரபு உலோகத்துக்காக எழுந்தது. பித்தளைக் குடத்தைத் தேய்க்கும்போது அதன் மேற்பரப்பில் ஒரு நுண்ணிய அடுக்கு போகிறது. அடியிலிருந்து புதுப் பித்தளை பளபளவென்று வருகிறது. தேய்மானமே அங்கே மெருகு. உலோகத்தில் கீறல் விழுந்தால் அது நசுங்கி வளைந்து கொடுக்கும். கண்ணாடிக்கு அந்த நெகிழ்வு இல்லை. அதில் விழும் கீறல் ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. ஓரங்களில் நுண்விரிசல்களோடு விழுகிற வெட்டு.

எது எதைக் கீறும் என்பதற்குத் தாதுவியலாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் 1 முதல் 10 வரை போகும். முகப்பவுடரில் போடும் டால்க் 1, வைரம் 10. எண் கூடிய பொருள் எண் குறைந்ததைக் கீறும். சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. அடுப்புத் தட்டு அதைவிடச் சற்றே மேலே. சமையல் உப்பும் ஆப்ப சோடாவும் இரண்டரைக்குள் அடங்குவதால் அவற்றால் தட்டுக்குத் தீங்கில்லை. ஆற்று மணலின் குவார்ட்ஸ் 7. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. பாத்திரம் துலக்கும் பொடிகளில் சிலவற்றில் கல்தூள் கலந்திருக்கும். விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்து நறநறத்தால் அது தட்டுக்கு ஆகாது. எல்லோர் வீட்டுத் தொட்டியிலும் கிடக்கிற பச்சை ஸ்க்ரப்பரின் நார்கள் வெறும் பிளாஸ்டிக்தான். ஆனால் அந்த நாரில் ஒட்டவைத்திருக்கும் பொடி பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தப் பொருளோ அதே பொருள். அளவுகோலில் அதன் இடம் 9. ஒரு வாரம் அதைக் கொண்டு தேய்த்தால் கறுப்புத் தட்டு சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கறை போகவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். உண்மையில் கறை போய்விட்டிருக்கும். தெரிவது கீறல்களின் கூட்டம்.

கீறல் விழுந்தால் அழகு மட்டுந்தானே கெடும் என்று விட்டுவிட முடியாது. முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானங்கள் தொடர்பான ஆய்வு செய்துகொண்டிருந்த ஏ. ஏ. கிரிஃபித், கண்ணாடி தன் அணுப் பிணைப்புகளின் வலிமைக்கு ஏற்ற பலத்தோடு ஏன் இருப்பதில்லை என்று கேட்டார். மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்து இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய அதன் பலம் கூடியது. 1921-ல் அவர் வெளியிட்ட விடை எளியது: கண்ணாடியின் மேல்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு, பளு வரும்போது அது முழுவதும் கீறலின் நுனியில் குவிகிறது, உடைப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. இழை மெலிதானால் பெரிய கீறலுக்கு அதில் இடமில்லை, அதனால் பலம். கண்ணாடி அறுப்பவர் வைர முனையால் ஒரே ஒரு கோடு இழுத்து, பிறகு மெல்லத் தட்டி இரண்டாக்குவது இந்த உண்மையால்தான். அடுப்புத் தட்டின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதன்மேல் நாம் ஏற்றுவது தண்ணீர் நிறைந்த ஐந்து லிட்டர் குக்கர்.

தேய்க்கவும் கூடாது என்றால் கறையை எப்படித்தான் எடுப்பது? ஜெர்மனியின் ஹென்கெல் சோப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். எந்தச் சுத்தத்துக்கும் நான்கு பங்காளிகள்: மருந்து, சூடு, நேரம், கைவலு. ஒன்றின் பங்கைக் குறைத்தால் மற்றவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும். வட்டம் நிறைய வேண்டும், அவ்வளவே. சலவை இயந்திரங்களை வடிவமைப்பவர்கள் இன்றும் இதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பாட்டி காலத்துத் துலக்கலில் கைவலுவுக்குப் பெரும்பங்கு. கண்ணாடிப் பீங்கானுக்கு அந்தப் பங்கைச் சுருக்கி, நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுவதும் ஊற வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புது வித்தை இல்லை. தட்டுக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது, அதனால் ஈரத்துணி. அவ்வளவுதான் வேறுபாடு.

பால் பொங்கிய கறையை எடுத்துக்கொள்வோம். அதில் புரதம், கொழுப்பு, பால்சர்க்கரை, கால்சிய உப்பு எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. சூட்டில் புரதம் சுருள் அவிழ்ந்து தட்டோடு ஒட்டுகிறது. புரதமும் சர்க்கரையும் கூடிப் பழுப்பாகின்றன. இந்தப் பழுப்பாதலை ஆராய்ந்து 1912-ல் எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானி மய்யாரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தோசை முறுகலின் நிறமும் மணமும் அதே வினைதான். தட்டு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, கறையின்மேல் பரப்பி, கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காய்ந்த புரதத்தை உப்ப வைக்கும். சோப்பு மூலக்கூறுகள் ஒரு முனையால் கொழுப்பையும் மறுமுனையால் நீரையும் பிடித்துக்கொண்டு தூக்கும். பிறகு அதே துணியால் ஒரு வழி வழித்தால் வந்துவிடும். சாம்பார், கூட்டு, கஞ்சி எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

தாளிப்பு எண்ணெய் இப்படிப் பணியாது. திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய்த் துளி காற்றின் ஆக்ஸிஜனோடு சேரச் சேர, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் குழைக்கும் வண்ணம் காய்ந்து இறுகுவதும் இதே முறையில்தான். அடுப்பைச் சுற்றி மஞ்சளாகப் படியும் பிசுக்கு உண்மையில் ஒரு வார்னிஷ். புதிய பிசுக்கு என்றால் சோப்புத் தண்ணீர் போதும். பழையது என்றால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் மூடி, அரை மணி கழித்துத் துடைக்க வேண்டும். அதன் மென்காரம் பிசுக்கை இளக்கும். அதன் துகள்களோ தட்டைக் கீறும் அளவுக்குக் கடினம் இல்லை. அதற்கும் அசையாமல் கரிப்பற்று நின்றால் கடைசிக் கருவி பிளேடு. எஃகு தட்டைவிடக் கடினம் இல்லாததால், புதிய, துருப்பிடிக்காத பிளேடு பொருத்திய சுரண்டியைப் படுக்கையாக, சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து முன்னால் தள்ளினால் கரி சுருண்டு வரும். பிளேடின் மூலை மட்டும் தட்டில் பதியக் கூடாது. சமையல் கத்தி இந்த வேலைக்கு உதவாது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். அது கால்சியம் கார்பனேட்; சோப்புக்கும் சோடாவுக்கும் அசையாது, அமிலத்துக்கு உடனே பணியும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ துணியில் நனைத்து வைத்தால், கால்சியம் கரைந்து கார்பன் டை ஆக்ஸைடு பிரிந்து போய்விடும். புளியும் இதைச் செய்யும், ஆனால் அதில் நாரும் மண்ணும் இருக்கக்கூடும் என்பதால் எலுமிச்சையே மேல். சில சமயம் தட்டில் மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியதுபோல் வானவில் நிறம் தெரியும். பயப்பட வேண்டாம், சோப்பையோ உப்பையோ சரியாகத் துடைக்காததால் படிந்த, ஒளியின் அலைநீளத்தை ஒத்த தடிமனுள்ள மெல்லிய ஏடு அது. எலுமிச்சையும் பிறகு சுத்தமான ஈரத்துணியும் போதும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கவிடுவது இப்போது எல்லோரும் பரிந்துரைக்கும் குறிப்பாகிவிட்டது. நுரையைப் பார்க்கப் பெரிய வேலை நடப்பதுபோல் தோன்றும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். எண்ணெய்க்குச் சோடா, உப்புக்கறைக்கு அமிலம். தனித்தனியாக, நடுவே ஒருமுறை துடைத்துவிட்டு. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ எலுமிச்சையையோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். துருக்கறை நீக்கும் திரவங்களில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும்; கைக்கும் பேராபத்து.

மஞ்சள் கறை பற்றிக் கவலையே வேண்டாம். தட்டில் துளைகள் கிடையாது, மஞ்சளின் நிறமி குர்குமின் உள்ளே புக வழியில்லை. அது பிடித்துக்கொள்வது அடுப்பின் பிளாஸ்டிக் ஓரத்தையும் பொத்தான் உறையையும்தான். பார் சோப்புப் பட்டதும் அந்தக் கறை சட்டென்று சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நடக்கிற அதே மாற்றம். காரம் பட்டால் குர்குமின் சிவப்பு. வெளிச்சத்தில் அது சிதையும் பொருள் என்பதால், ஜன்னலோரம் சில நாள் இருந்தால் தானே வெளிறும்.

கீறல் என்று நினைத்து மனம் வருந்துகிற சாம்பல் நிறக் கோடுகளில் பல, கீறலே அல்ல. பாத்திரத்தின் அடியிலிருக்கும் அலுமினியமோ எஃகோ தட்டில் தேய்ந்து, பென்சில் கோடு போல ஒட்டிக்கொண்டவை. நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் கீறல். வழுக்கினால் உலோகத் தடம். தடம் என்றால், கண்ணாடி அடுப்புக்கென்றே விற்கும் துப்புரவுக் குழம்பை மென்துணியால் வட்டமாகத் தேய்க்கப் போய்விடும். இந்தத் தொல்லை அதிகம் வருவது தோசைக்கல்லால். அதன் அடி சொரசொரப்பு, எடையும் அதிகம், துருத்துகளும் ஒட்டியிருக்கும். அதை அடுப்பின்மேல் இழுத்து நகர்த்துவது உப்புத்தாளை இழுப்பதற்குச் சமம். தூக்கி வையுங்கள், தூக்கி எடுங்கள்.

தட்டுக்கு மேலே இவ்வளவு என்றால், தட்டுக்குக் கீழே இருப்பதையும் மறக்க வேண்டாம். மேசையில் வைக்கிற இண்டக்‌ஷன் அடுப்பின் அடியில் ஒரு விசிறி உண்டு. அது கீழிருந்து காற்றை உறிஞ்சி மின்னணுப் பாகங்களைக் குளிர்விக்கிறது. அடுப்பின் அடியில் பழைய செய்தித்தாளோ துணியோ விரித்தால் காற்று வழி அடைபடும். எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து சல்லடைத் துளைகளில் படியும். கதகதப்பைத் தேடிக் கரப்பான்பூச்சிகள் உள்ளே குடியேறும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, அடுப்பைக் கவிழ்த்து, உலர்ந்த பிரஷால் துளைகளைத் தட்டிவிடலாம். குழாயடியில் காட்டிக் கழுவும் விபரீதத்தை யாரும் செய்யக் கூடாது. சமையல் முடிந்ததும் விசிறி சில நிமிடம் ஓடும். அது நிற்கும்வரை சுவர் ஸ்விட்சை அணைக்காதீர்கள். தட்டின் நடுவே அடியில் ஒட்டியிருக்கும் வெப்ப உணரி, கண்ணாடி வழியாகத்தான் பாத்திரத்தின் சூட்டை அறிகிறது. கரிப்பற்று மேடாகிப் பாத்திரம் சரியாகப் படியாவிட்டால் அந்தக் கணிப்புத் தாமதமாகும். எண்ணெய் அளவு மீறிக் காய்ந்த பிறகே அடுப்புக்குத் தெரியும்.

ஒரு முக்கியமான வேறுபாடு. கண்ணாடி மேல்தளம் உள்ள கேஸ் அடுப்பு இதே ஜாதி இல்லை. அதில் இருப்பது பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. சூட்டில் விரியும், உள்ளே எப்போதும் இழுவிசையோடு இருக்கும், உடைந்தால் முழுத்தட்டும் ஒரே நொடியில் தூள் தூளாகும். பர்னரைச் சுற்றிக் காய்ந்திருக்கும்போது அதில் ஈரத்துணி போடவே கூடாது; முழுக்க ஆறிய பிறகே துடைக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பிலும் எல்லாத் தட்டும் ஒரே தரம் இல்லை. எது என்று நிச்சயமாகத் தெரியாதவர்கள் கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்பது நல்லது.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் விரிசல் விழலாம். மேல் அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடி விழும்; குழவி நழுவும். ஒரு புள்ளியில் வந்து மோதும் கனத்தை இந்தத் தட்டு தாங்காது. விரிசல் மயிரிழை போலத்தான் இருக்கும், அடுப்பும் வழக்கம்போல் வேலை செய்யும். அங்கேதான் ஆபத்து. அடுத்த முறை பால் பொங்கினால் அது விரிசல் வழியே உள்ளே இறங்கி, மின்சாரம் ஓடும் பாகங்களைத் தொடும்; எவர்சில்வர் பாத்திரத்தைப் பிடித்திருக்கும் கைக்கு அதிர்ச்சி வரலாம். டேப் ஒட்டியோ பசை தடவியோ ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், தட்டை மாற்றும்வரை அந்த அடுப்பில் எதையும் வைக்காதீர்கள்.